கிழக்கு அறையில் மூச்சு

“தீயை அணைக்கலாம் அண்ணாச்சி. புகையை அணைக்க முடியாது. எங்கயாவது அனுப்பத்தான் முடியும்.”

எங்கள் கட்டடத்தில் மேய்ப்பனைப் பொருத்த வந்த அன்று, தீயணைப்பு நிலைய அதிகாரி ஜெபராஜ் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. புகையை மந்தைபோல ஓட்டிச் செல்வதால் மேய்ப்பன் என்று அவர்தான் அழைத்தார். ஊரும் அப்படியே அழைத்தது.

“எங்க அப்பா காலத்துல கோடாலியும் கொக்கியும் வச்சுக்கிட்டு ஆளுங்களேதான் வழி பண்ணணும். கீழ காத்து நுழைய ஒரு வாசல், மேல புகை வெளியேற ஒரு வாசல். வாசல்ல பெரிய விசிறியை வச்சு ஊதுனா புகை மேல் வாசலைப் பாத்து ஓடும். ஆனா அவசரப்பட்டுத் தப்பான ஜன்னலை உடைச்சிட்டா அவ்வளவுதான். மூச்சடங்கிக் கெடக்குற தீக்குக் காத்தை ஊட்டிவிட்ட கதை. பாய்ஞ்சு வரும்.”

“இப்ப அதை இந்த மிசினு செய்யுமாக்கும்?”

“கதவு, ஜன்னல், சுவத்துக்குள்ள விசிறி எல்லாம் இது கையில. ரெண்டு வாசலுக்கும் நடுவுல ஆளு மாட்டிக்கிடக் கூடாது, அதான் முக்கியம். அதனால ஆள் இல்லாத அறையாப் பாத்துப் புகையை விடும்.”

“ஆள் இல்லைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“மூச்சை வச்சுக் கண்டுபிடிச்சிரும்.”

எங்கள் கடை திருநெல்வேலி டவுனில், ரத வீதியில் இருக்கிறது. கீழே இரண்டு தளம் ஜவுளி. அதற்கு மேல் சரக்கு அறை. உச்சியில் வீடு. முகப்பில் என் தகப்பனார் ஆவுடையப்பனின் பெயர் ஆளுயர எழுத்தில் நிற்கும். அந்தப் பெயருக்குக் கீழே எங்கள் குடும்பத்தார் யாரும் தலை குனிந்து நடந்ததில்லை. அப்படி நடக்க நேராமல் பார்த்துக்கொள்வதே மூத்தவனின் வேலை என்று நான் வளர்க்கப்பட்டேன்.

ஆகவே, “என் வீட்டுக்குள்ள யார் மூச்சு விடுதாங்கன்னு ஒரு மிசின் ஊருக்குச் சொல்லணுமா?” என்று வணிகர் கூட்டத்தில் எழுந்து கேட்டவன் நானே. கைதட்டினார்கள். இன்னும் பல ஊர்களில் என்னைப் போன்றவர்கள் எழுந்து கேட்டிருக்க வேண்டும். விதி மாறியது. பதிவில் இல்லாத மூச்சை மேய்ப்பன் கண்டால் வீட்டுத் தலைவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். சாம்பிராணியும் குக்கர் ஆவியும் சில சமயம் அதை ஏமாற்றும். அதனால் ‘அது ஆள் இல்லை’ என்று வீட்டுத் தலைவர் சொன்னால், அது தன் அறிவை விட்டு அவர் சொல்லை நம்ப வேண்டும்.

அதன் பிறகு எங்கள் பெயர்களைப் பதிய வந்த ஜெபராஜுக்கு அது பிடிக்கவில்லை.

“சரி அண்ணாச்சி, உங்க குரல் மட்டும்தான் செல்லும். ஆனா ஆள் இல்லைன்னு சொல்லிட்டு அப்புறம் மாத்தணும்னா லேசில்ல, கேட்டுக்கிடுங்க. பெயரும் உறவும் வாய்விட்டுச் சொல்லணும். தென்காசிப் பக்கம் ஒருத்தரு சரக்கைக் காப்பாத்த, ‘கோடவுன்ல என் மாமியா இருக்கா’ன்னு அளந்துவிட்டாரு. புகை பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு. மாமியா அப்ப குத்தாலத்துல அருவிக்கு அடியில நிக்காவ!”

எல்லோரும் சிரித்தோம். பிறகு பெயர்களையும் குரல்களையும் பதிந்தார். நான், மனைவி காந்திமதி, மகள் தாமிரை. பழைய பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “உங்க பெயரும் சங்கரலிங்கம், தாத்தாவும் சங்கரலிங்கமா?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுல போனவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். தாத்தா தவறின பிறகு பொறந்தவன் நான். இருக்கிறவங்க பேரை வச்சா அவங்களைப் போங்கன்னு சொன்ன மாதிரி.”

தாமிரை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வழக்கத்தைச் சிறு வயதில் அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஆண்டு அவள் போய்விட்டாள். எங்கள் கடைக்குத் துணிப் பொதி கொண்டுவரும் வண்டியை ஓட்டுகிறவனோடு போனாள். அவன் நல்லவனா கெட்டவனா என்பதை நான் விசாரிக்கவில்லை. அது கேள்வியே அல்ல என்றிருந்தேன். அவளுடைய கல்லூரிப் படத்தைக் கொடுத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அச்சடித்து, ரத வீதி நெடுக ஒட்டச் செய்தேன். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சுவரொட்டியைப் பார்த்தவர்கள் அர்த்தம் புரிந்துகொள்வார்கள். யாரும் மாலையோடு வர மாட்டார்கள்.

அன்று மாலை மேய்ப்பனிடமும் சொன்னேன். “தாமிரை காலமாகிவிட்டாள்.”

“வருந்துகிறேன்” என்றது மேய்ப்பன். “பதிந்துகொண்டேன்.”

தெருவில் என்னிடம் துக்கம் விசாரித்தது அது ஒன்றுதான். நான் சொன்னதை நம்பியதும் அது ஒன்றுதான்.

பல மாதம் கழித்து ஒரு மதியம் காந்திமதி என்னைச் சாப்பிட மேலே அழைக்கவில்லை. கேரியரில் சாப்பாடு கீழே வந்தது. திறந்தால் தேங்காய்ப்பால் சொதி. கல்யாண வீட்டு மறுநாளோ விருந்தாளியோ இல்லாமல் எங்கள் வீட்டில் சொதி வைப்பதில்லை, தாமிரை கேட்டாலொழிய. நான் முதல் கவளத்தை எடுக்கும்போது மேசைமேல் இருந்த கருவியில் மேய்ப்பன் மெல்லக் கேட்டது.

“கிழக்கு அறையில் பதிவில் இல்லாத மூச்சு ஒன்று. ஆளா?”

கிழக்கு அறை அவளுடையது. பின்பக்கப் படி வழியாக வந்திருக்க வேண்டும். நான் மேலே போனால் அவளை வெளியே அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் தெருவில் நான் ஒட்டிய சொல் பொய்யாகிவிடும்.

“அது ஆள் இல்லை” என்றேன்.

அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். காணாதவனாக இருந்து மகளுக்கு ஒரு மதியத்தைக் கொடுத்துவிட்டதாக எண்ணி, சொதியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் சில முறை கேரியர் கீழே வந்தது. மேய்ப்பன் கேட்டது. நானும் அதையே சொன்னேன். பிறகு அது கேட்பதை நிறுத்திவிட்டது. கிழக்கு அறையில் எது மூச்சு விட்டாலும் ஆள் இல்லை என்று கற்றுக்கொண்டுவிட்டது. கேரியர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தீப்பிடித்த அன்றும் சொதிதான்.

ஆடித் தள்ளுபடிக்காகச் சரக்கு அறை கூரைவரை அடைந்து கிடந்தது. சுவரோரம் ஒரு வயர் கருகியது என்று பிறகு சொன்னார்கள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். மணி அலறியது. மேய்ப்பன் படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தி ஊதியதால் புகை ஒரு இழைகூடப் படியில் இறங்கவில்லை. விற்பனைப் பெண்கள், தையல்காரர்கள், வாடிக்கையாளர்கள் என எல்லோரும் ஒரு இருமல் இல்லாமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எதிர்க்கடை அருணாசலம் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். “உங்க மேய்ப்பன் கெட்டிக்காரன் அண்ணாச்சி” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது உச்சியில் கிழக்கு அறையின் ஜன்னல் தானாகத் திறந்தது. அதிலிருந்து கரும்புகை உருண்டு வந்தது.

“வழி தேர்ந்தாகிவிட்டது” என்றது முகப்புச் சுவரிலிருந்த ஒலிபெருக்கி. “சரக்கு அறைப் புகை கிழக்கு அறை வழியாக வெளியேறுகிறது. அங்கே ஆள் இல்லை.”

என் கையில் சொதி வாசனை இன்னும் இருந்தது.

காந்திமதி படியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். “அடுப்படிக்குத்தான் போனேன். திரும்புறதுக்குள்ள அவ ரூம் கதவு தானாப் பூட்டிக்கிட்டு. இடிச்சுப் பாத்தேன், திறக்கல. என்னங்க, சொல்லுங்க அதுகிட்ட!”

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஜெபராஜ் குதித்து இறங்கி, ஜன்னலைப் பார்த்தார், காந்திமதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மேல யாரும் இருக்காவளா?”

“ஏணி போட முடியாதா?” என்று கேட்டேன்.

“புகை வார வழியிலயே ஏணி போட்டா என் ஆளுதான் வேகணும். மொதல்ல வழியை மாத்தணும். முன்பக்கம் ஷோரூம் வழியா இழுக்கலாம். கடை போயிரும்.”

“கடை போகட்டும்.”

“அதை என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கையால திருப்பணும்னா அந்தக் கோடவுனுக்குள்ளதான் போகணும், அங்க இப்ப யாரும் நுழைய முடியாது. மேய்ப்பன்கிட்டச் சொல்லுங்க. யாரு இருக்காவன்னு சொல்லுங்க!”

ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றேன். தெரு முழுவதும் கூடியிருந்தது. என் கடை ஆட்கள், அருணாசலம், தெருமுக்கில் பூக்கட்டும் செல்லக்கனி, பெயர் தெரியாத எத்தனையோ பேர்.

“கிழக்கு அறையில் ஆள் உண்டு” என்றேன்.

“பெயர்?”

சொன்னேன். மெல்லத்தான் வந்தது.

“கேட்கவில்லை. பெயர்?”

“தாமிரை.”

“உறவு?”

“மகள்.”

“தாமிரை, மகள். அவர் காலமானதாக நீங்கள் பதிந்திருக்கிறீர்கள். இரண்டில் எது சரி?”

அதன் குரலில் ஏளனம் இல்லை. அது தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது. நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் அந்தச் சுவரொட்டியின் கீழ்ப்பாதி வெளுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்பதற்குக் கீழே என் பெயர். அருணாசலம் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். என் முன்னால் ஊர் தலை குனிவதை நான் எத்தனையோ முறை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவர்கள் குனிந்தது, நான் சொல்லப்போவதைக் காணாமல் இருந்து எனக்கு உதவுவதற்காக. காணாதவனாக இருப்பது எவ்வளவு கேவலமான உதவி என்று அப்போது தெரிந்தது.

தெரிந்தும் நின்றேன். வாயைத் திறந்தால் என் தகப்பனார் பெயருக்குக் கீழே நான் பொய்யன். மேலே ஜன்னலில் புகை தடித்துக்கொண்டே போனது.

“உயிரோட இருக்கா!” காந்திமதி சுவரைக் கையால் அறைந்தாள். “பெத்தவ சொல்லுதேன், உயிரோட இருக்கா! திருப்பு!”

“வீட்டுத் தலைவர் சொல்ல வேண்டும்” என்றது மேய்ப்பன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

“உயிரோடு இருக்கிறாள்” என்று கத்தினேன். “நான் பதிந்தது பொய்.”

“ஏற்றுக்கொண்டேன். அந்த அறையில் இரண்டு மூச்சுகள். ஒன்று மிகச் சிறியது. அதுவும் ஆளா?”

எனக்கு விளங்கவில்லை. காந்திமதியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லக்கனிதான் கத்தினாள். “என்ன முழிக்கிய அண்ணாச்சி? உங்க பேரன்லா! ஊருக்கே தெரியும். தொட்டில் போட்ட அன்னைக்கு நான்லா பூக் கொடுத்தேன். சொல்லித் தொலைங்க!”

“ஆள்தான்” என்றேன். “ஆள்தான்!”

“உறவு?”

“பேரன்.”

“பெயர்?”

பேரன் என்றால் பெயரைச் சுமக்கிறவன். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை அப்படித்தான் விளக்குவோம். என் பேரன் என்ன பெயரைச் சுமக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் காந்திமதியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். சொல் வெளியே வரவில்லை. மூடிக்கொண்டாள்.

“பெயர் தெரியாது” என்றேன், தெரு கேட்க.

“பெயரைப் பிறகு பதியலாம். வழி மாறுகிறது.”

கிழக்கு ஜன்னல் சாத்திக்கொண்டது. கீழே முகப்புக் கண்ணாடிகள் விலகின. சற்று நேரத்தில் புகையும் அதன் பின்னால் தீயும் பட்டுப்புடவை அடுக்குகளை வாரிக்கொண்டு வெளியே வந்தன. என் தகப்பனார் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுத்து வளைந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஏணி மேலே போய்விட்டிருந்தது.

தாமிரை சாதுரியமானவள். குடத்துத் தண்ணீரில் போர்வையை நனைத்துப் புகை வந்த விசிறித் துளையில் அடைத்திருக்கிறாள். பிள்ளையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, அதன்மேல் கூரைபோலக் கவிழ்ந்து கிடந்தாளாம். ஏணியில் இறக்கும்போது பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் எதையோ சொல்ல முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மேய்ப்பன் மேல தப்பில்ல அண்ணாச்சி. சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செஞ்சிது.”

ஆறுதலாகச் சொன்னார். நான் கேட்டேன்: “ஜெபராஜ், அங்க நான் வாயைத் திறக்காம நின்னேனே, அந்த நேரம். அது இல்லாம இருந்தா அவளுக்குக் குரல் இருந்திருக்குமா?”

அவர் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையாம். டாக்டர் சொன்னாவ” என்றார்.

தாமிரைக்குக் குரல் முழுதாகத் திரும்பவில்லை. உலர்ந்த ஓலை உரசுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் வரும். அவள் கணவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேல்தளத்தைச் சீர்செய்து முடித்ததும், மேய்ப்பனை மறுபடி இயக்க ஜெபராஜ் வந்தார். என் குரல் மட்டும் செல்லும் என்ற ஏற்பாட்டை நீக்கச் சொன்னேன். காந்திமதியின் குரலும் தாமிரையின் குரலும் என் குரலுக்குச் சமமாக வேண்டும் என்றேன். “குரலைப் புதுசாப் பதியணும்னா அவங்க நேர்ல வரணுமே” என்றார். நான் போய் அழைக்கத் தகுதியில்லாதவன். காந்திமதி போய் அழைத்து வந்தாள்.

தாமிரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக, தெரு பார்க்க உள்ளே வந்தாள். எதிர்ச் சுவரை நான் முன்பே என் கையால் சுரண்டிக் கழுவியிருந்தேன். அவள் கணவன் வண்டியருகிலேயே நின்றான். வெளியே போய், “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றேன். “இருக்கட்டும் சார், இங்கயே நிக்கேன். வண்டியை எடுக்கச் சொல்லுவாங்க” என்றான். சார் என்றான்.

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்து மூக்கு. நான் கையை நீட்டவில்லை.

மேய்ப்பன் இயங்கத் தொடங்கியது. தாமிரையின் குரலைக் கேட்டுப் பதிந்துகொண்டது. அந்த உலர்ந்த குரலைப் பழைய குரலோடு ஒப்பிட்டு, “மாறியிருக்கிறது” என்றது. பிறகு, “நிலுவையில் ஒரு பெயர் உண்டு. பேரன். பெயர் என்ன?” என்று கேட்டது.

ஜெபராஜ் காந்திமதியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்களேன் அம்மா.”

காந்திமதி தலையசைத்து மறுத்தாள். “நான் சொல்லப்படாது. ராசான்னுதான் கூப்பிடுவேன்.”

அவள் சொல்லக்கூடாத பெயர் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதை அவள் உச்சரித்ததில்லை. எனக்கு அது உறைப்பதற்குள் தாமிரை ஒலிவாங்கி அருகே குனிந்தாள்.

“சங்கரலிங்கம்.”

ஜெபராஜ் எழுதுவதை நிறுத்தினார். எங்கள் வழக்கத்தை அவருக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் கருவியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இந்த வீட்டில் சங்கரலிங்கம் என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவர் பதிவில் இருக்கிறார்” என்றது மேய்ப்பன். “அந்தப் பதிவை நீக்கிவிடவா?”

என்னைக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னவளைக் கேட்டது. நான் பேசலாம், என் குரலும் செல்லும். நான் பேசவில்லை.

நான் தெருவில் நின்ற அளவு நேரம் தாமிரையும் நின்றாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வளைந்த எழுத்துகளைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றாள்.